மணி நடுவுக்கு வருகிறது, ஆனால் நிற்கவில்லை என்றால்

குவித்த லேசர் கற்றையால் நுண்ணிய மணியைப் பிடித்து நிறுத்தும் ஒளி இடுக்கியில் (optical tweezers), 40x, 0.65 என்.ஏ. (ஒளியை எவ்வளவு அகலக் கோணத்தில் குவிக்கிறது என்பதைக் காட்டும் எண்) நுண்ணோக்கி லென்ஸில் 1 மைக்ரான் பாலிஸ்டைரீன் மணி கற்றையின் நடுவுக்கு வந்தபிறகு ஒளி போகும் பக்கமே ஓடிவிடுகிறது, லேசர் பவரைக் கூட்டினால் இன்னும் வேகமாக ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பவரைக் கூட்டிப் பயனில்லை, ஏனென்றால் குவியத்துக்கு இழுக்கும் சாய்வு விசையும் முன்னே தள்ளும் சிதறல் விசையும் ஒரே விகிதத்தில்தான் ஏறும். மணியைப் பின்னால் இழுப்பது ஓரத்தில் சாய்வாக வரும் கதிர்கள்தான். நடுக்கதிர்கள் தள்ளத்தான் செய்யும்.

அதனால் ஓரக் கதிர்கள் இன்னும் சாய்ந்து வரும் 100x, 1.25 என்.ஏ. எண்ணெய் லென்ஸ் (கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே எண்ணெய் விட்டுப் பயன்படுத்துவது) ஒன்று தேடுங்கள். அப்புறம், கற்றையை விரித்து லென்ஸின் பின்துளை (லேசர் நுழையும் பக்கத்துத் துளை) முழுவதையும் நிரப்புங்கள், மெல்லிய கற்றை நடுவில் மட்டும் நுழைந்தால் அந்த லென்ஸும் வீண்தான். கவர்ஸ்லிப்பிலிருந்து (மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடி) 5, 10 மைக்ரானுக்குள்ளேயே பிடித்துப் பாருங்கள். ஆழம் போகப்போக, எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.52-க்கும் தண்ணீரின் 1.33-க்கும் உள்ள வித்தியாசத்தால் குவியம் கலைந்துவிடும்.

லென்ஸ் கிடைக்கவில்லையா? எதிரெதிராக இரண்டு கற்றைகளை விடலாம். பெல் ஆய்வகத்தில் இயற்பியலாளர் ஆர்தர் ஆஷ்கின் 1970-ல் அப்படித்தான் பிடித்தார், ஒற்றைக் கற்றைப் பொறி 1986-ல்தான் வந்தது. எதைச் செய்தாலும் லேசர் எரியும்போது தயவுசெய்து ஐபீஸில் கண் வைக்காதீர்கள், கேமராவிலேயே பாருங்கள்.