கணினி கேள்வி பதில்: பழைய பெட்டி, புதிய இயங்குதளம், கேட்காத விசைப்பலகை

பழைய கணினிகளில் புதிய இயங்குதளத்தை நிறுவிய வாசகர்கள் விசைப்பலகை குறித்து அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம். கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

கேள்வி: 2003இல் வாங்கிய பென்டியம் 4 மேசைக் கணினியில் 32 பிட் டெபியன் 12 லினக்ஸ் நிறுவியிருக்கிறேன். யூஎஸ்பி விசைப்பலகை பயாஸ் திரையிலும் துவக்கப் பட்டியலிலும் ஒழுங்காக வேலை செய்கிறது. வட்டை மறையாக்கம் செய்திருப்பதால் அடுத்து கடவுச்சொல் கேட்கும் திரை வருகிறது. அங்கே ஒரு விசைகூட எடுபடவில்லை. புதிய விசைப்பலகை வாங்க வேண்டுமா?
வாசகர், ஈரோடு

பதில்: வாங்க வேண்டாம். எந்தத் திரை வரை வேலை செய்தது, எந்தத் திரையில் நின்றது என்பதைக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. 'கீபோர்டு வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதும் வாசகர்களுக்கு நாங்கள் திருப்பிக் கேட்பதும் இதைத்தான்.

யூஎஸ்பி 1996இல் வந்தது. டாஸ் போன்ற முந்தைய மென்பொருள்களுக்கு அது தெரியாது. அவை 8042 எனும் விசைப்பலகைக் கன்ட்ரோலருடன் மட்டுமே பேசும். அவற்றுக்காக, கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் பயாஸ் மென்பொருள் ஒரு வேடம் போடுகிறது. யூஎஸ்பி விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தியதும், 'சிஸ்டம் மேனேஜ்மென்ட் மோடு' எனும் தனி நிலைக்குச் செயலி போய், அந்த விசை, சிறிய வட்ட முனை கொண்ட பழைய பிஎஸ்/2 விசைப்பலகையிலிருந்து வந்ததைப் போலக் காட்டிவிட்டுத் திரும்புகிறது. பயாஸ் அமைப்பில் 'யூஎஸ்பி லெகசி சப்போர்ட்' என்றோ 'யூஎஸ்பி கீபோர்டு சப்போர்ட்' என்றோ நீங்கள் காண்பது இதுதான். துவக்கப் பட்டியலில் அம்புக்குறி விசைகள் நகர்வது இதன் தயவால்தான்.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் ஏறியதும் யூஎஸ்பி கன்ட்ரோலரைப் பயாஸிடமிருந்து தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. அத்தோடு வேடம் கலைகிறது. அதற்குப் பிறகு கர்னலிடம் சொந்த யூஎஸ்பி டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) இருந்தாக வேண்டும். ஆனால் கடவுச்சொல் கேட்கும் நேரத்தில் வட்டு இன்னும் பூட்டியே இருக்கிறது, டிரைவர்களில் பெரும்பாலானவை அதற்குள் இருக்கின்றன. எனவே கர்னலோடு சேர்ந்து ஏறும் 'இனிட்ராம்எஃப்எஸ்' எனும் சிறு தொகுப்பில் யூஎஸ்பி கன்ட்ரோலருக்கான டிரைவரும் யூஎஸ்பி விசைப்பலகைக்கான டிரைவரும் இடம்பெற்றிருக்க வேண்டும். டெபியனை நிறுவும்போது நிபுணர் முறையைத் தேர்ந்தால், எல்லா டிரைவர்களும் வேண்டுமா, இந்தக் கணினிக்குத் தேவையானவை மட்டும் போதுமா என்று நிறுவி கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்திருந்தால் இவை விடுபட்டிருக்க வாய்ப்புண்டு.

நிறுவுவதற்குப் பயன்படுத்திய பென்டிரைவிலிருந்து கணினியைத் துவக்கி, 'ரெஸ்க்யூ மோடு' வழியாக வட்டைத் திறந்துகொள்ளுங்கள். நிறுவியின் கர்னலில் யூஎஸ்பி டிரைவர்கள் இருப்பதால் உங்கள் விசைப்பலகை அங்கே வேலை செய்யும். 'இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்' கோப்புறைக்குள் 'கான்ஃப்.டி' எனும் உட்கோப்புறையிலுள்ள 'டிரைவர்-பாலிசி' கோப்பில், 'மாடியூல்ஸ்' எனும் வரியில் 'டெப்' என்று இருந்தால் 'மோஸ்ட்' என்று மாற்றிவிட்டு, 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ' கட்டளையை இயக்குங்கள். இரவல் பிஎஸ்/2 விசைப்பலகை கிடைத்தால் ரெஸ்க்யூ மோடு வரை போகாமலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

டெபியன் 13க்கு மாறினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அதில் 32 பிட் பிசிக்கான கர்னலும் இல்லை, நிறுவியும் இல்லை.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. யூஎஸ்பி விசைப்பலகை வேலை செய்யும். உண்மையான பிஎஸ்/2 விசைப்பலகையோ கர்னல் ஏறியதும் ஊமையாகிவிடும். சில பழைய பயாஸ்களில் லெகசி வேடம் 8042இன் பதில்களோடு குழம்பிவிடுவதே இதற்குக் காரணம். லெகசி சப்போர்ட்டை அணைத்துப் பாருங்கள். அதுவும் பலிக்காவிட்டால் கர்னலைத் துவக்கும் கட்டளை வரியின் இறுதியில் 'ஐ8042.ரீசெட்' அல்லது 'ஐ8042.நோபிஎன்பி' சேர்த்துத் துவக்குங்கள். லெகசியை அணைத்த பின் துவக்கப் பட்டியலில் யூஎஸ்பி விசைப்பலகை எடுபடாது என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஒரு 486 கணினியில் நெட்பிஎஸ்டி நிறுவ முயல்கிறேன். அதில் இருப்பது பெரிய வட்டத் துளை. கணினியோடு வந்த பழைய விசைப்பலகையைச் செருகினால் 'கீபோர்டு எரர்' என்று வந்து நிற்கிறது. சிறிய வட்ட முனை கொண்ட இன்னொன்றை அடாப்டர் வைத்து இணைத்தபோது நன்றாக இயங்கியது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருமுறை அதைக் கழற்றி மாட்டினேன். அன்றிலிருந்து எந்த விசைப்பலகைக்கும் உயிரில்லை.
வாசகர், கும்பகோணம்

பதில்: உங்களுக்கு இருப்பது இரண்டு வெவ்வேறு கோளாறுகள். முதலில் பழைய விசைப்பலகையைப் பார்ப்போம். 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் 83 விசைப் பலகை ஒருவழிப் பேச்சு மட்டுமே அறிந்தது. அது அனுப்பும், கணினி கேட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். 1984இல் வந்த ஏடி கணினியில் பேச்சு இருவழியானது. விளக்கை ஏற்று, சுயசோதனை செய் என்றெல்லாம் கணினி கட்டளையிட முடிந்தது. இணைப்பி மட்டும் அதே ஐந்து ஊசி வட்டமாகவே நீடித்தது. எனவே எக்ஸ்டி எனப்படும் அந்த முதல் வகை விசைப்பலகை, உங்கள் 486 போன்ற ஏடி வகைக் கணினியில் இடைஞ்சலின்றிச் செருகிக்கொள்ளும், ஆனால் ஒரு சொல்கூடப் பேச முடியாது. எண்பதுகளின் பிற்பகுதியில் வந்த பல விசைப்பலகைகள் இரண்டுக்கும் பொதுவானவை. உங்களுடையதைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் 'எக்ஸ்டி', 'ஏடி' அல்லது வெறும் 'எக்ஸ்', 'ஏ' என்று குறித்த சிறு நகர்த்தி இருந்தால், அதை 'ஏ' பக்கம் தள்ளுங்கள். இத்தனை வருடம் யாரும் தொடாத நகர்த்தியாக இருக்கும். இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் தள்ளினால்தான் உள்ளேயுள்ள தொடுமுனை சுத்தமாகும். நகர்த்தி இல்லையென்றால் அது எக்ஸ்டி மட்டும் பேசும் பலகையாக இருக்கலாம். ஊசியை மட்டும் மாற்றித் தரும் அடாப்டர் அதற்கு உதவாது. நடுவே மைக்ரோகன்ட்ரோலர் வைத்த மாற்றி தேவை.

சிறிய முனை விசைப்பலகை வேலை செய்ததில் வியப்பில்லை. 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த பிஎஸ்/2 வரிசை மாற்றியது இணைப்பியைத்தான். மின்வழியும் மொழியும் ஏடியினுடையவையே. இரு முனைகளுக்கும் நடுவே கம்பி மட்டும் போதுமானதாக இருப்பது அதனால்தான்.

இனி இரண்டாவது கோளாறு. பிஎஸ்/2வும் அதன் மூதாதையும் ஓடும் கணினியில் கழற்றி மாட்டுவதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. செருகும்போது ஊசிகள் தாறுமாறாகத் தொட்டால், விசைப்பலகைக்கு 5 வோல்ட் கொடுக்கும் வழியில் உள்ள சிறு ஃபியூஸ் போய்விடும். கணினியை இயக்கி, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஐந்து ஊசி இணைப்பியின் 4ஆம் ஊசிக்கும் 5ஆம் ஊசிக்கும் இடையே அளந்து பாருங்கள். 4 எர்த், 5 மின்சாரம். ஐந்து வோல்ட்டுக்கு அருகில் காட்டவில்லையென்றால் ஃபியூஸ் போயிருக்க வாய்ப்பு அதிகம். இணைப்பிக்குப் பக்கத்திலேயே, பார்வைக்கு ரெசிஸ்டர் போலவே இருக்கும் ஒரு துண்டைத் தேடுங்கள். பல மதர்போர்டுகளில் அதனருகே 'எஃப்' எழுத்தும் ஓர் எண்ணும் அச்சாகியிருக்கும். கணினியை அணைத்துவிட்டு அதன் இரு முனைகளுக்கும் இடையே தொடர்ச்சி இருக்கிறதா என்று சோதியுங்கள். இல்லையென்றால், அதே அளவு ஃபியூஸை டிவி பழுது பார்க்கும் கடையிலேயே சூட்டுக்கோலால் மாற்றித் தருவார்கள். கம்பியைப் போட்டு இணைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அடுத்த முறை போவது மதர்போர்டாகவே இருக்கும் என்பதால் அந்த யோசனை வேண்டாம்.

5 வோல்ட் சரியாக வருகிறதென்றால் பழுது 8042இலோ அதன் தொடர்புகளிலோ இருக்கிறது. சில மதர்போர்டுகளில் அது சாக்கெட்டில் செருகிய 40 கால் ஐசியாக இருக்கும். கழற்றித் துடைத்து அழுத்தி வைப்பது சில சமயம் பலன் தரும். இதில் எதுவும் நெட்பிஎஸ்டியின் குற்றமல்ல. 486ஐ இன்றும் ஆதரிக்கும் சில இயங்குதளங்களில் அதுவும் ஒன்று. லினக்ஸ் 2013இல் வெளியான 3.8 பதிப்பிலேயே 486க்கு முந்தைய 386ஐக் கைவிட்டது.

கேள்வி: பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் போட்டேன். கடவுச்சொல்லைத் தவறு என்கிறது. பெயர் எழுதும் கட்டத்தில் தட்டிப் பார்த்தால் 'யூ, ஐ, ஓ' எழுத்துகளுக்குப் பதிலாக 4, 5, 6 விழுகின்றன.
வாசகி, மதுரை

பதில்: நம்லாக் ஏறியிருக்கிறது. தனி எண்பகுதி இல்லாத பழைய மடிக்கணினிகளில் வலப்பக்க எழுத்து விசைகளே எண்பகுதியாகவும் செயல்படும். 'ஜே, கே, எல்' 1, 2, 3 ஆகும், 'எம்' சுழியமாகும். எஃப்என் விசையோடு நம்லாக்கை அழுத்தினால் உடனே சரியாகும். ஒவ்வொரு முறையும் திரும்ப வந்தால், நுழைவுத் திரையின் அமைப்பில் நம்லாக்கைத் தானாக ஏற்றும் தெரிவு இருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். பயாஸிலும் அதே தெரிவு இருக்கலாம்.

கேள்வி: பத்துப் பதினைந்து வருடப் பழைய மடிக்கணினி, புதிய உபுண்டு. ஒலியைக் கூட்டும் சிறப்பு விசையை ஒருமுறை தொட்டால் ஒலி உச்சிக்குப் போய் நிற்கிறது. அதன்பிறகு வேறு விசைகளும் சரியாக எடுபடுவதில்லை. விசை சிக்கிக்கொள்கிறது என்று கழற்றித் துடைத்தேன், பலனில்லை.
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: விசை சிக்கவில்லை. அது மேலே எழுந்த செய்திதான் கர்னலுக்குப் போகவில்லை. விசைப்பலகை ஒவ்வொரு விசைக்கும் இரண்டு செய்திகள் அனுப்ப வேண்டும். எஸ்கேப் விசையை எடுத்துக்கொண்டால், பதினாறடிமான எண்ணில், விசைப்பலகை 76 என்று அனுப்புவதை 8042 சில்லு 01 ஆக மாற்றி இயங்குதளத்துக்குத் தருகிறது. விரலை எடுத்ததும் 81 வருகிறது. சில மடிக்கணினி நிறுவனங்கள் ஒலி, வெளிச்சம் போன்ற சிறப்பு விசைகளுக்கு முதல் செய்தியை மட்டும் அனுப்பி நிறுத்திக்கொண்டன. கணினியோடு வந்த விண்டோஸில் நிறுவனத்தின் சொந்த மென்பொருள் அதைச் சமாளித்தது. உபுண்டுவின் அடித்தளமான லினக்ஸோ இரண்டாவது செய்தி வரும்வரை விசை அழுத்தியபடியே இருப்பதாக எடுத்துக்கொள்கிறது.

மருந்து, லினக்ஸில் சாதனங்களைக் கவனித்துக்கொள்ளும் 'யூடெவ்' அமைப்பின் வன்பொருள் தரவுக் கோப்பில் இருக்கிறது. 'ஈவ்டெஸ்ட்' கருவியால் அந்த விசைக்குரிய எண்ணான ஸ்கேன்கோடைக் கண்டறிந்து, உங்கள் மாதிரிக்கான பதிவில் அந்தக் கோடுக்கு எதிரே விசையின் பெயரை எழுதும்போது, பெயருக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி இடுங்கள். அந்த ஒரு குறி, 'இந்த விசை எழுந்துவிட்டதாக நீயே வைத்துக்கொள்' என்று கர்னலிடம் சொல்கிறது. 'சிஸ்டம்டி-எச்டபிள்யூடிபி அப்டேட்' கட்டளையை இயக்கிவிட்டுக் கணினியை மறுதுவக்கம் செய்யுங்கள்.

டச்பேடைத் தொடும்போது மட்டும் எழுத்துகள் குழம்பினால் அது வேறு நோய். பழைய மடிக்கணினிகளில் இரண்டும் ஒரே கன்ட்ரோலரைப் பகிர்கின்றன. கர்னல் வரியில் 'ஐ8042.நோமக்ஸ்' சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: பழைய மேசைக் கணினியில் விண்டோஸ் 10. யூஎஸ்பி விசைப்பலகையை எடுத்துவிட்டு பிஎஸ்/2 விசைப்பலகை மாட்டினேன். பயாஸில் வேலை செய்கிறது, விண்டோஸில் இல்லை.
வாசகர், திருநெல்வேலி

பதில்: 'ஷட் டவுன்' கொடுத்து மாட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறோம். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கும்போது விண்டோஸ் முழுதாக அணைவதில்லை; தன் நிலையை வட்டில் எழுதி வைத்து அதையே மீட்டெடுக்கிறது. விசைப்பலகையை மாட்டிய நிலையிலேயே சுட்டியால் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். அதுவும் போதாவிட்டால், யூஎஸ்பி விசைப்பலகையை மறுபடி மாட்டி, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில், சேவைகள் பகுதியில், 'ஐ8042பிஆர்டி' எனும் பிஎஸ்/2 டிரைவரின் 'ஸ்டார்ட்' மதிப்பு 3 என்றிருந்தால் 1 ஆக்குங்கள். ரெஜிஸ்ட்ரியைத் தொடுமுன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், இணையத்தில் இருக்கும் கணினியென்றால் அதையும் யோசிக்க வேண்டும்.

கேள்வி: ஐபிஎம் மாடல் எம் விசைப்பலகையில் தமிழ்99 அடிக்க ஆசை. அதில் விண்டோஸ் விசையே இல்லை. மொழி மாற்ற என்ன செய்வது?
வாசகர், சென்னை

பதில்: 101 விசை மாடல் எம் வந்தது 1985இல், விண்டோஸ் விசை 1994இல்தான் பிறந்தது. லினக்ஸில் விசைப்பலகைகளைக் கவனிக்கும் எக்ஸ்கேபி அமைப்பில் 'கேப்ஸ்:சூப்பர்' தெரிவைக் கொடுத்தால் கேப்ஸ்லாக் விசையே விண்டோஸ் விசையாகிவிடும். விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் கருவித் தொகுப்பிலுள்ள 'கீபோர்டு மேனேஜர்' இதையே செய்யும். கேப்ஸ்லாக்கை இழப்பதால் தமிழில் நட்டம் ஒன்றும் இல்லை. தமிழ்99இல் ஸ, ஷ, ஜ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்கு மட்டுமே ஷிஃப்ட் தேவை. யூஎஸ்பி துளை மட்டும் உள்ள கணினியில் மாட்டப் போகிறீர்கள் என்றால், சில விசைப்பலகைகளோடு இலவசமாக வரும் ஊதா நிறச் சிறு அடாப்டர் உதவாது. யூஎஸ்பி, பிஎஸ்/2 என இரண்டு மொழியும் அறிந்த விசைப்பலகைகளுக்கானது அது. மாடல் எம்முக்கு பிஎஸ்/2 மட்டுமே தெரியும். மின்னணுச் சுற்றுள்ள மாற்றியாகப் பார்த்து வாங்குங்கள்.