அட்டை எந்த விலங்குத் தொகுதியைச் சேர்ந்தது? மண்புழுவுக்கும் அதற்கும் உறவு உண்டா?

அட்டை பூச்சியன்று, புழுவே. உடல் வளையம் வளையமாகப் பகுக்கப்பட்ட அனெலிடா, அதாவது வளைதசைப் புழுக்கள் என்னும் தொகுதியைச் சேர்ந்தது. மண்புழுவோடு அதற்குள்ள உறவோ நம்மில் பலர் பள்ளியில் படித்ததைவிட மிக நெருக்கமானது. அதனால் அந்தப் பகுதிக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

பாடநூல்கள் இத்தொகுதியை மூன்று வகுப்புகளாகப் பிரித்துக் காட்டுவது நெடுநாள் வழக்கம். ஏராளமான சீட்டாக்களை, அதாவது உடலில் முளைக்கும் நுண்ணிய முட்களைக் கொண்ட, பெரும்பாலும் கடலில் வாழும் புழுக்கள் பாலிகீட்டா. சில சீட்டாக்களே உடைய மண்புழு முதலியவை ஆலிகோகீட்டா. சீட்டாக்கள் இன்றி இரு முனைகளிலும் ஒட்டுறிஞ்சிகளைக் கொண்ட அட்டைகள் ஹிருடினியா. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு மாணவர்கள் படிக்கும் இந்தியக் கால்நடை அட்டையான ஹிருடினேரியா கிரானுலோசாவும் இந்த ஹிருடினியா வகுப்பில்தான் வைக்கப்பட்டுள்ளது. புறத்தோற்றத்தை மட்டும் பார்த்தால் இப்பிரிவு பொருத்தமாகவே தெரியும்.

ஆனால் இனப்பெருக்க முறையைக் கவனித்தால் மண்புழுவும் அட்டையும் ஒரு பக்கமாகவும் கடற்புழுக்கள் மறுபக்கமாகவும் பிரிந்துவிடுகின்றன. மண்புழு, அட்டை இரண்டுமே இருபாலுயிரிகள். இரண்டிலும் கிளைட்டெல்லம் என்னும் தடித்த தோற்பகுதி முட்டைக்கூட்டைச் சுரக்கிறது. இரண்டிலும் இளம்புழு, லார்வா என்ற இடைநிலை இல்லாமல், பெற்றோரின் சிறிய வடிவிலேயே கூட்டைவிட்டு வெளிவருகிறது. மண்புழுவில் கிளைட்டெல்லம் முதிர்ந்த புழுக்களில் தெளிவாகத் தெரியும்; அட்டையில் இனப்பெருக்கக் காலத்தில் மட்டுமே வெளிப்படும். இந்த உறுப்பை அடிப்படையாகக் கொண்டே இவ்விரு பிரிவுகளையும் கிளைட்டெல்லேட்டா என்ற ஒரே குழுவாகச் சேர்த்தனர்.

மரபணு ஒப்பீடுகள் இன்னும் ஒரு படி மேலே சென்றன. அட்டைகள் மண்புழுக்களின் பக்கத்துக் கிளை அல்ல, சீட்டாக்கள் குறைந்த அந்தப் புழுக்களின் கிளைக்கு உள்ளிருந்தே தோன்றியவை என்றும், நன்னீரில் வாழும் லம்ப்ரிகுலிடே குடும்பப் புழுக்கள் அவற்றுக்கு மிக நெருங்கியவை என்றும் அவை காட்டின. ஒரு மூதாதையின் வழித்தோன்றல்கள் அனைத்தையும் உள்ளடக்குவதே இயற்கையான குழு என்று கொண்டால், அட்டையை வெளியே நிறுத்திவிட்டு ஆலிகோகீட்டா என்றொரு வகுப்பு நிற்க முடியாது. எனவே கிளைட்டெல்லேட்டாவை வகுப்பாகவும் ஹிருடினியாவை அதன் துணைவகுப்பாகவும் கொள்வதே இன்று பரவலான முறை. என் கருத்தில் பள்ளி நூல்களும் இதற்கு மாற வேண்டும். உருவ வேறுபாடு வேறு, வம்சவழி வேறு என்பதை மாணவருக்கு உணர்த்த இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இந்த உறவுக்கு உயிருள்ள சான்றாக, வடதுருவத்தை ஒட்டிய குளிர்நீரில் மீன்கள்மீது ஒட்டி வாழும் அகாந்தோப்டெல்லா பெலெடினாவைச் சொல்லலாம். 1851இல் விவரிக்கப்பட்ட இந்தப் புழுவுக்குப் பின்முனையில் அட்டையைப் போன்ற ஒட்டுறிஞ்சி உண்டு. ஆயினும் முன்பக்க உடல் வளையங்களில் சீட்டாக்கள் எஞ்சியிருக்கின்றன.

அட்டைகளுக்குள் உள்ள பிரிவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாடையின்றி உறிஞ்சுகுழலைச் செலுத்தி உண்பவை ரிங்கோப்டெல்லிடா. மீன் அட்டைகள் இதில் அடங்கும். உறிஞ்சுகுழல் இல்லாதவை அரிங்கோப்டெல்லிடா. மருத்துவ அட்டைகளின் ஹிருடினிடே குடும்பமும், மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மழைக்காட்டில் நடப்பவரின் காலில் ஏறும் நில அட்டைகளின் ஹீமாடிப்சிடே குடும்பமும் இதைச் சேர்ந்தவை. இதே வரிசையிலுள்ள எர்பாப்டெல்லிடே குடும்பத்தினர் இரத்தம் குடிப்பதில்லை, சிறு புழுக்களையும் பூச்சிகளின் லார்வாக்களையும் முழுதாக விழுங்குகின்றனர். ஆகவே இரத்தம் குடிப்பதை அட்டையின் இலக்கணமாகக் கொள்ளக் கூடாது.

இன அளவிலும் குழப்பங்கள் இருந்தன. 1758இல் லின்னேயஸ் பெயரிட்ட ஹிருடோ மெடிசினாலிஸ் என்ற பெயரில் மருத்துவமனைகளுக்கு விற்கப்பட்ட அட்டைகள், உண்மையில் ஹிருடோ வெர்பானா என்ற வேறு இனம் என்பது 2007இல் வெளியான மரபணு ஆய்வில் தெரியவந்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2004இல், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அட்டைகளை மருத்துவப் பயன்பாட்டுக்கு அனுமதித்திருந்தது. நம் கால்நடை அட்டையையும் சிலர் ஹிருடினேரியா பேரினத்திலும், வேறு சிலர் பொய்சிலோப்டெல்லா பேரினத்திலும் வைக்கின்றனர். கிரானுலோசா என்ற பின்பெயர் ஒன்றாக இருந்தால், இரு நூல்களும் ஒரே உயிரியைத்தான் குறிப்பிடுகின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள்.