சக்கரம் வைத்த கிச்சன் ஐலண்டை (சமையலறையின் நடுவில் போடும் மேடை) பாகம் பாகமாகப் பொருத்தி முடித்தும் ஆடிக்கொண்டே இருக்கிறது. சக்கரத்தை மாற்ற வேண்டுமா? எப்படிப் பராமரிப்பது?

சக்கரத்தின் மேல் பழி போடுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். ஐலண்டை அப்படியே பாதிச் சுற்று திருப்பி, அதே இடத்தில் நிறுத்துங்கள். முன்பு தரையில் படாமல் தூக்கி நின்ற அதே சக்கரம் இப்போதும் தூக்கினால் கோளாறு ஐலண்டில். அதே இடத்தில் வேறு சக்கரம் தூக்கினால் தரைதான் மட்டமில்லை.

எங்கள் வீட்டில் கோளாறு ஐலண்டில்தான் இருந்தது. பிரேக் போட்டுவிட்டு நறுக்கினாலும் பக்கவாட்டில் ஆடும். காரணம் என் அவசரம். ஒவ்வொரு போல்ட்டையும் மாட்டிய கையோடு முழுதாக இறுக்கிக்கொண்டே போனேன். முதல் கால் ஒரு நூல் விலகி நின்றது. கடைசிக் காலுக்கு வரும்போது துளையே நேராக வரவில்லை. வம்படியாக நுழைத்தேன், சட்டம் கோணிக்கொண்டது.

முழுக்கக் கழற்ற வேண்டியதில்லை. பின்பக்கம் மேலே தெரியும்படி படுக்க வைத்து, பின்பலகையைக் கழற்றிவிட்டு, எல்லா போல்ட்டையும் ஒரு சுற்று தளர்த்துங்கள். டேப் வைத்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, நீளமாக இருக்கும் மூலைவிட்டத்தின் இரு மூலைகளையும் உள்பக்கமாக அழுத்துங்கள். இரண்டும் சமமானதும் பின்பலகையைப் பொருத்தி, அப்புறம் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அட்டை மாதிரி இருக்கிறதே என்று அந்தப் பின்பலகையைச் சிலர் மாட்டாமலே விட்டுவிடுகிறார்கள். பக்கவாட்டு ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவதே அதுதான்.

இன்னொன்று, டிரில்லைத் தொடாதீர்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் ஸ்க்ரூ ஒரு சுற்று கூடிப்போனாலும் மரை போய்விடும். நான் ஒரு கீலின் துளையை அப்படித்தான் கெடுத்தேன். பல்குச்சிகளில் மரப்பசை தடவி நெருக்கமாகச் செருகி, ஒரு நாள் காயவிட்டு, நீட்டிக்கொண்டிருந்ததை அறுத்துவிட்டுக் கையாலேயே மறுபடி முடுக்கினேன். இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. உருட்டும்போது ஏற்படும் அதிர்வில் போல்ட்டுகள் தளரும், அதனால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை இறுக்கிவிட்டு, பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். சக்கரம் இழுத்தால் அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றியிருக்கும், கத்தரித்து எடுங்கள். கனமான பாத்திரங்கள் கீழ்த்தட்டில் இருக்கட்டும். நிலைப்படியைத் தாண்டும்போது தள்ளாதீர்கள், இரண்டு பேராகத் தூக்குங்கள். சக்கரத்தின் தண்டு வளைவது பெரும்பாலும் அங்கேதான்.

மேல்பலகை பூச்சில்லாத மரமா? அப்படியானால் உணவுப் பயன்பாட்டுக்கான மினரல் ஆயிலைத் தடவி, ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். தண்ணீர்த் துளி முத்தாக நிற்காமல் உள்ளே இறங்கினால் மறுபடி தடவும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். பலகையின் அடிப்பக்கத்துக்கும் தடவுங்கள், ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்தால் பலகை வளையும். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் சிக்குப்பிடித்து நாறும்.

தரை துடைக்கும்போது மட்டும் ஐலண்டை நகர்த்திவிடுங்கள். அடிப்பலகையின் ஓரத்தில் தண்ணீர் ஏறி ஒருமுறை உப்பிவிட்டால், காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது.