திருட்டுப் புகாருக்கு எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்றால் சென்னையில் யாரிடம் முறையிடுவது?

வாசகர் கேள்வி: சென்னையின் மேற்குப் புறநகரில் குடியிருக்கிறேன். நகரின் மையப் பகுதியில் ஒரு கடைத்தெருவில் நிறுத்தியிருந்த என் மோட்டார் சைக்கிள் திருடு போய்விட்டது. வீட்டுக்கு அருகிலுள்ள காவல் நிலையத்தில், சம்பவம் நடந்த இடம் தங்கள் எல்லையில் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். சம்பவம் நடந்த பகுதியின் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது (மனு பெற்றதற்கான ஒப்புகை) மட்டும் கிடைத்தது. மூன்று வாரமாகியும் எஃப்.ஐ.ஆர். பதிவாகவில்லை, காப்பீட்டு நிறுவனமோ அதன் நகலைக் கேட்கிறது. எஸ்.பி.க்கு (காவல் கண்காணிப்பாளருக்கு) எழுதச் சொல்கிறார் ஒரு நண்பர். சென்னையில் எஸ்.பி. அலுவலகம் எங்கே இருக்கிறது? நேராக ஆணையரிடமே மனு கொடுத்துவிடலாமா?

பதில்: உங்கள் நண்பர் சொன்னது சட்டப்படி சரியானதே. ஆனால் சட்டப் புத்தகத்தில் எஸ்.பி. என்று எழுதப்பட்டிருக்கும் இடத்தில், சென்னை போன்ற மாநகரங்களில் காவல் துணை ஆணையர் இருக்கிறார். எனவே உங்கள் மனு, வண்டி திருடு போன இடம் எந்தக் காவல் மாவட்டத்தில் வருகிறதோ அதன் துணை ஆணையருக்குப் போக வேண்டும். ஆணையரிடம் கொடுப்பதில் தவறேதும் இல்லை. அது சுற்றுவழி என்பதுதான் சிக்கல்.

இந்த வேறுபாடு ஏன் வந்தது என்பதை அறிந்துகொண்டால், எந்தப் புகாரை எந்தப் படியில் கொடுப்பது என்பது உங்களுக்கே விளங்கிவிடும். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் சென்னையில் காவல் பொறுப்பு பெத்த நாயக்கர் என்ற பரம்பரைப் பதவிக்காரரிடம் இருந்தது; ஜார்ஜ் டவுனில் உள்ள பெத்தநாயக்கன்பேட்டை அப்பதவியின் நினைவைத் தாங்கி நிற்கிறது. அவரும் அவருடைய தலையாரிகளும் ஊரைக் காவல் காத்தார்கள். அதற்கான வருவாய் சரக்குகள் மீதான தீர்வையிலிருந்து வந்தது. களவு போன பொருளுக்கு ஈடு கொடுக்கும் கடமையும் அவரைச் சார்ந்ததாக இருந்தது. நகரம் பெருகப் பெருக அந்த ஏற்பாடு போதாமல் போயிற்று. 1856-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாணத் தலைநகரங்களுக்கும் சேர்த்துத் தனிக் காவல் சட்டம் இயற்றப்பட்டு, நகரக் காவலின் தலைமையில் ஆணையர் அமர்த்தப்பட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1859-இல் வந்த சென்னை மாவட்டக் காவல் சட்டம், மாகாணத்தின் மற்ற மாவட்டங்களைக் கண்காணிப்பாளர்களின் கீழ்க் கொண்டுவந்தது. எஸ்.பி. என்ற பதவி மாவட்டத்துக்கும் ஆணையர் பதவி நகரத்துக்கும் உரியவையாக அப்போது பிரிந்தன. 1888-ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம் இந்தப் பிரிவினையை உறுதிப்படுத்தியது. திருத்தங்களோடு அச்சட்டம் இன்றும் சென்னையில் நடைமுறையில் உள்ளது. பொதுக்கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் கட்டுப்பாடு விதித்து ஆணையர் அவ்வப்போது வெளியிடும் உத்தரவுகள் அதன் 41-ஆவது பிரிவின்கீழ் வருபவை.

மாவட்டத்தில் ஆட்சியரிடம் உள்ள சில அதிகாரங்கள் நகரத்தில் ஆணையரிடம் இருக்கின்றன. 1982-ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் தடுப்புக்காவல் உத்தரவை மாவட்டத்தில் ஆட்சியர் பிறப்பிக்கிறார், மாநகரில் ஆணையர் பிறப்பிக்கிறார். இதைப் பார்த்துத்தான் எல்லாப் புகாருக்கும் ஆணையரே முடிவு சொல்வார் என்ற எண்ணம் மக்களிடம் வேரூன்றியிருக்கிறது. ஆனால் ஒரு திருட்டு வழக்கைப் பதிவு செய்வது அவருடைய மேசையில் முடிவாகும் காரியம் அல்ல. வேப்பேரியில் உள்ள ஆணையர் அலுவலகத்தில் நீங்கள் கொடுக்கும் மனு உரிய துணை ஆணையருக்கு அனுப்பப்பட்டு, அவரிடமிருந்து உதவி ஆணையருக்கும், அவரிடமிருந்து நீங்கள் முதலில் போன அதே நிலையத்தின் ஆய்வாளருக்கும் இறங்கி வரும். நாள் கடந்துபோவதுதான் மிச்சம்.

படிநிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆணையருக்குக் கீழே கூடுதல் ஆணையர்கள், மண்டலங்களுக்கு இணை ஆணையர்கள், காவல் மாவட்டங்களுக்குத் துணை ஆணையர்கள், சரகங்களுக்கு உதவி ஆணையர்கள், நிலையங்களுக்கு ஆய்வாளர்கள் என்று வரிசை அமைந்திருக்கிறது. இவர்களில் துணை ஆணையர் எஸ்.பி.க்கு நிகரானவர், உதவி ஆணையர் டி.எஸ்.பி.க்கு நிகரானவர். இந்த இரண்டு இணைகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்துக்குள்ளேயும் சட்டம் ஒழுங்குக்கு ஓர் ஆய்வாளர், குற்றப்பிரிவுக்கு ஓர் ஆய்வாளர் என்று சென்னையில் தனித்தனியே இருப்பது வழக்கம். போக்குவரத்துக் காவலுக்கு வேறு அதிகாரிகள் உண்டு. வண்டித் திருட்டு குற்றப்பிரிவு ஆய்வாளரின் பொறுப்பு. வரவேற்பில் இருப்பவரிடம் மனுவைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருந்தால், அடுத்த முறை குற்றப்பிரிவு ஆய்வாளரைக் கேட்டுச் சந்தியுங்கள். பல புகார்கள் இந்த ஒரு படியிலேயே தீர்ந்துவிடுவது உண்டு.

எல்லைப் பிரச்சினைக்கு வருவோம். 2022 ஜனவரி 1 முதல் சென்னைப் பெருநகரக் காவலிலிருந்து ஆவடி, தாம்பரம் என்று இரண்டு ஆணையரகங்கள் தனியே இயங்குகின்றன. (2008-இல் புறநகருக்குத் தனி ஆணையரகம் அமைத்து, 2011-இல் அதை மீண்டும் சென்னையோடு இணைத்த வரலாறும் உண்டு, பழைய அனுபவத்தை வைத்து வழி சொல்பவர்கள் குழம்புவதற்கு அது ஒரு காரணம்.) மாநகராட்சியின் எல்லையும் காவல் எல்லையும் ஒன்றல்ல என்பது பலருக்குத் தெரிவதில்லை. அம்பத்தூர்வாசி சொத்துவரி கட்டுவது பெருநகர சென்னை மாநகராட்சிக்கு. ஆனால் அவருடைய காவல் நிலையம் ஆவடி ஆணையரகத்தைச் சேர்ந்தது. செம்மஞ்சேரியும் மாநகராட்சிக்குள் இருந்துகொண்டே தாம்பரம் ஆணையரகத்தில் வருகிறது. ரயில் நிலைய வளாகத்துக்குள் நடந்த திருட்டென்றால் ரயில்வே காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். உங்கள் வண்டி நகர மையத்தின் தெருவில் களவு போனதால், அது சென்னைப் பெருநகரக் காவலின் வழக்கு.

ஆயினும், எல்லை இல்லை என்று உங்களைத் திருப்பி அனுப்பியது முறையல்ல என்பதை அழுத்திச் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு, குற்றம் எந்தப் பகுதியில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. அதைப் பெறும் நிலையம் ஜீரோ எஃப்.ஐ.ஆர். ஆகப் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். மின்னணு வழியாகவும் தகவல் அனுப்பலாம். மூன்று நாளுக்குள் நேரில் கையெழுத்திட்டால் அது பதிவுக்கு வரும்.

கையில் இருக்கும் சி.எஸ்.ஆர். ரசீதை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். அதில் நிலையத்தின் பெயர், ஓர் எண், ஆண்டு, பெற்றவரின் கையொப்பம், முத்திரை ஆகியவை இருக்கும். குற்ற எண் இருக்காது, சட்டப்பிரிவும் இருக்காது. உங்கள் மனு நிலையத்தை அடைந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. வழக்கு பதிவானதற்கு அது சான்றாகாது; காப்பீட்டு நிறுவனம் அதை ஏற்க மறுப்பதன் காரணம் இதுவே. எஃப்.ஐ.ஆர். பதிவானால் குற்ற எண்ணும் பிரிவும் அடங்கிய நகலைக் கட்டணமின்றி உங்களுக்குத் தர வேண்டும்.

பிடியாணை இன்றிக் கைது செய்தற்குரிய குற்றம் வெளிப்படும் புகாரில் எஃப்.ஐ.ஆர். பதிவு கட்டாயம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. புதிய சட்டம் இதில் ஒரு சிறு வாசலைத் திறந்திருக்கிறது: மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் முன் அனுமதியோடு, முகாந்திரம் உள்ளதா என்று 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். மூன்று ஆண்டு வரை தண்டனை உள்ள திருட்டுக்கும் இந்த விதியைக் காட்டி நிலையத்தில் காலம் கேட்கக்கூடும். அப்படியானால் உதவி ஆணையரின் அனுமதி எந்தத் தேதியில் பெறப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் வழக்கில் மூன்று வாரம் கடந்துவிட்டதால், அந்த 14 நாளும் முடிந்துவிட்டது.

இனிச் செய்ய வேண்டியது இது. திருடு போன நாள், நேரம், இடம், வண்டியின் பதிவெண், இயந்திர எண், சேசிஸ் எண், சி.எஸ்.ஆர். எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, 173-ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவின்கீழ் முறையிடுவதாக எழுதி, துணை ஆணையருக்கு அஞ்சலில் அனுப்புங்கள். எழுத்து மூலமாக, அஞ்சல் வழியாக என்றே அந்த உட்பிரிவு கூறுவதால், நேரில் கொடுத்தாலும் ஒரு பிரதியை விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் நீதிமன்றம் போக நேர்ந்தால் அந்த ரசீதுதான் முதலில் கேட்கப்படும். துணை ஆணையர் தாமே புலனாய்வு செய்யலாம், அல்லது கீழுள்ளவரைச் செய்யப் பணிக்கலாம். அதன் பிறகும் அசைவில்லை என்றால், அந்த நிலையத்துக்குரிய குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில், 175-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவின்கீழ் பிரமாணப் பத்திரத்துடன் மனு தாக்கல் செய்யலாம். துணை ஆணையருக்கு எழுதாமல் நேரே அங்கே போனால் மனு நிற்காது.

இதற்கிடையில் காப்பீட்டு நிறுவனத்துக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் திருட்டைப் பற்றி இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். இரண்டு சாவிகளையும் பதிவுச் சான்றையும் எடுத்து வையுங்கள். காவல் நிலையத்தில் உடனே புகார் பதிவாகியிருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகத் தெரிவித்த காரணத்தை மட்டும் சொல்லி இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. எஃப்.ஐ.ஆர். தாமதமாகப் பதிவானாலும், முதல் மனுவின் தேதி அதில் இடம்பெற வேண்டும் என்று கேட்டுப் பெறுங்கள். வண்டி கிடைக்காவிட்டால், கண்டுபிடிக்க முடியவில்லை என்று காவல்துறை தரும் சான்றும் இழப்பீட்டுக்குத் தேவைப்படும். அதையும் அதே குற்றப்பிரிவிடம்தான் கேட்க வேண்டும்.