கோச்சிங் போகாமல் சிசிஎன்ஏ எழுத முடியுமா?

கேள்வி: தக்கலை பக்கம் எங்கள் ஊர். பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்துவிட்டு, மார்த்தாண்டத்தில் ஒரு பிராட்பேண்ட் நிறுவனத்தில் ஃபைபர் இணைப்பு கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ நெட்வொர்க் தேர்வில் பாஸ் ஆகி, திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் நெட்வொர்க் வேலைக்கு முயற்சி செய்ய ஆசை. எத்தனை வீடியோ பார்த்தும் சப்நெட்டிங் (ஒரு நெட்வொர்க்கைச் சிறு நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் கணக்கு) மண்டையில் ஏறவில்லை. கோச்சிங்குக்குப் பணம் கட்டட்டுமா? 'டம்ப்ஸ்' (தேர்விலிருந்து கசிந்த கேள்வி-பதில் தொகுப்பு) மனப்பாடம் செய்தாலே போதும் என்கிறார்கள் நண்பர்கள். தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாமா?

பதில்: கோச்சிங்குக்கு வைத்திருக்கும் பணத்தைத் தேர்வுக் கட்டணத்துக்கு எடுத்து வையுங்கள். கட்டணமே 300 டாலர், வரியும் சேர்ந்தால் முப்பதாயிரம் ரூபாயை ஒட்டி வரும். படிக்க அவ்வளவு செலவில்லை. சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிவு செய்தால் பாக்கெட் டிரேசர் என்ற நெட்வொர்க் பயிற்சி மென்பொருள் இலவசம். சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். இப்போதுள்ள தேர்வின் எண் 200-301. பழைய புத்தகம் யாராவது கொடுத்தால் இந்த எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சப்நெட்டிங்குக்கு வருவோம். வீடியோவில் இன்னொருவர் போடும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும்; பேனாவை எடுத்தால்தான் எங்கே இடிக்கிறது என்று தெரியும். 192.168.10.77/27 என்று ஒரு முகவரி. /27 என்றால் முகவரியின் 32 பிட்டில் முதல் 27 நெட்வொர்க்குக்கு; அதை எண்ணாக எழுதினால் மாஸ்க் 255.255.255.224. 256-இல் 224 போனால் 32. அப்படியானால் நெட்வொர்க்குகள் 0, 32, 64, 96 என்று 32, 32 ஆகத் தாவிப் போகும். 77 விழுவது 64-க்கும் 96-க்கும் நடுவில். ஆகவே நெட்வொர்க் முகவரி 64, எல்லாக் கருவிக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் பிராட்காஸ்ட் முகவரி 95, கருவிகளுக்குக் கொடுக்க 65 முதல் 94 வரை 30 முகவரிகள். இவ்வளவுதான் கணக்கு. இதே வழியில் 172.16.45.10/20 போட்டுப் பாருங்கள். அங்கே தாவல் மூன்றாவது எண்ணில் 16, 16 ஆக நடக்கும், நெட்வொர்க் 172.16.32.0, பிராட்காஸ்ட் 172.16.47.255 என்று வர வேண்டும். தினம் பத்துக் கணக்கு, காகிதத்தில். தேர்வில் கால்குலேட்டர் கிடையாது. ஒரு கணக்கு அரை நிமிடத்துக்குள் முடிகிற வரை விடாதீர்கள்.

தேர்வில் அதிக எடை, 25 சதவீதம், பாக்கெட் போக வழி பார்க்கும் ரவுட்டிங் பகுதிக்கு. பலர் சறுக்கும் இடமும் அதுதான். ஒரு ரவுட்டரில் 10.1.0.0/16-க்கு ஸ்டேட்டிக் வழி (நாமே கையால் எழுதியது) இருக்கிறது, 10.1.1.0/24-க்கு ஓஎஸ்பிஎஃப் வழி (ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிக் கற்றது) இருக்கிறது. 10.1.1.5-க்குப் போகும் பாக்கெட் எதில் போகும்? வழியை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் மதிப்பு ஸ்டேட்டிக்குக்கு 1, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110, குறைந்ததுதான் ஜெயிக்கும் என்று ஸ்டேட்டிக்கைத் தேர்ந்தெடுத்தால் தவறு. நீளமான பிரிஃபிக்ஸ்தான், அதாவது / குறிக்குப் பின் பெரிய எண் உள்ளதுதான், முதலில். /24 வழியில்தான் போகும். அந்த மதிப்புகளை ஒப்பிடுவது, ஒரே பிரிஃபிக்ஸுக்கு இரண்டு வழி வரும்போது மட்டும்.

உங்களுக்கு ஒரு அனுகூலம் உண்டு. வாடிக்கையாளர் வீட்டு ஓஎன்டியில் (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) விளான் எண் (ஒரே இணைப்பைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் எண்) போடுகிறீர்களே, அது எதற்கு என்று கேட்டுக்கொண்டே படியுங்கள், பாதிப் பாடம் தானாகப் பிடிபடும். பாக்கெட் டிரேசரில் ஒரு ஸ்விட்ச், ஒரு ரவுட்டர், விளான் 10, விளான் 20 போட்டு எல்லாம் ஒன்றுக்கொன்று பிங் ஆகும்படி (பதில் தரும்படி) செய்யுங்கள். அப்புறம் நீங்களே கெடுங்கள். ஸ்விட்சுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் பல விளான்களைச் சுமக்கும் ட்ரங்க் இணைப்பில் அனுமதித்த பட்டியலிலிருந்து விளான் 20-ஐ எடுத்துவிடுங்கள். விளான் 20 கணினிகள் தங்களுக்குள் பேசும், வெளியே போகும் வாசலான கேட்வேக்குப் போகாது. இனி 'ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்' அடித்து, வெளியீட்டில் எந்த வரி மாறியிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். தேர்விலும் கட்டளை அடித்துச் செய்கிற லேப் கேள்விகள் வருகின்றன. வேலைக்கு நேர்காணல் எடுப்பவர் கேட்பதும் இதைத்தான்.

அதனால்தான் டம்ப்ஸ் வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். பிடிபட்டால் சிஸ்கோ சான்றிதழையே ரத்து செய்யும். பிடிபடாவிட்டாலும், டெக்னோபார்க் நேர்காணலில் ட்ரங்க் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டால் வாயைத் திறக்க முடியாது.

ஆட்டோமேஷன் பகுதி 10 சதவீதம்தான். அதில் ஜேசன் என்ற தரவு வடிவத்தைப் பார்த்துப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வேலையோடு தினம் ஒன்றரை மணி நேரம் படித்தால் ஐந்தாறு மாதம் ஆகும். களத்தில் இருக்கும் உங்களுக்கு, சிசிஎன்ஏவுக்குக் கீழ்ப்படியில் உள்ள சிசிஎஸ்டி தேர்வு தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

வீட்டிலிருந்து எழுதலாம். ஆனால் நம் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. 120 நிமிடத் தேர்வின் நடுவில் கரண்ட் போய் இணைப்பு அறுந்தால் பெரும் மனஉளைச்சல். திருவனந்தபுரத்தில், இந்தத் தேர்வை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தின் மையத்தைத் தேடிப் பதிவு செய்யுங்கள், மார்த்தாண்டத்திலிருந்து காலை பஸ்ஸில் போய்விடலாம். அங்கே ஒரு விஷயம் நினைவிருக்கட்டும்: ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பி வர முடியாது. தோற்றால் ஐந்து நாள் கழித்து மீண்டும் எழுதலாம், ஆனால் முழுக் கட்டணம் மறுபடியும் கட்ட வேண்டும்.

பதிவு செய்யும்போது பெயரைக் கவனியுங்கள். நம் ஆட்களுக்கு இனிஷியல் ஒரு அட்டையில் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயராக விரிந்து பின்னால் இருக்கும். மையத்தில் காட்டப்போகும் அடையாள அட்டையில் உள்ளபடியே பதிவிலும் பெயர் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் இருந்தால் அதிலுள்ள பெயரையே போடுங்கள். மாற்ற வேண்டியிருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.