பிசிறு போனால்தான் கூர்: கத்தி தீட்டுவது பற்றிக் கேள்வி பதில்

மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும். மீன் வெட்டுகிறவர்களின் கத்திகளும் என் பட்டறைக்கு அவ்வளவாக வராது. தண்டையார்பேட்டையில் சாணை பிடிப்பது என் தொழில். அப்பா வண்ணாரப்பேட்டையில் சலூன் வைத்திருந்தார். அதனால் கல்லைத் தொடுவதற்கு முன்பே, சவரக்கத்தி தீட்டுகிற தோல் வாரைத் தொட்டவன் நான். கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

பெரம்பூரிலிருந்து: அண்ணா, இரண்டு பக்கமும் தீட்டுகிற கார்போரண்டம் கல் வாங்கி அரை மணி நேரம் தேய்த்தேன். தக்காளி இன்னும் நசுங்கத்தான் செய்கிறது. கல் சரியில்லையா?

கல்லின் மேல் பழி போடாதீர்கள் அம்மா. பெரும்பாலும் நீங்கள் தேய்த்தது கத்தியின் வாயை, அதாவது வெட்டுகிற விளிம்பை அல்ல, வாய்க்கு மேலே இருக்கிற சரிவை. ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து, வாயை ஒட்டிய சரிவு முழுக்கக் கறுப்பாகப் பூசுங்கள். கல்லில் நான்கு முறை தேய்த்துவிட்டுப் பாருங்கள். மை மேலே மட்டும் அழிந்திருந்தால் கத்தியை அதிகமாகப் படுக்க வைத்திருக்கிறீர்கள். விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் அதிகமாக நிமிர்த்தியிருக்கிறீர்கள். இந்த ஒரு சோதனைக்காகவே ஒரு மார்க்கர் வாங்கலாம்.

அடுத்தது பிசிறு. இதுதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். ஒரு பக்கத்தைத் தீட்டத் தீட்ட விளிம்பு மெலிந்து, ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் மறுபக்கம் மடங்கும். அந்த மடிப்புதான் பிசிறு. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். கத்தியின் முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக, அதாவது விளிம்பைத் தாண்டி வெளியே போகிற திசையில், கட்டைவிரலை மெதுவாக இழுத்துப் பாருங்கள். சொரசொரவென்று ஏதோ தடுக்கும். விளிம்பின் நீளவாக்கில் மட்டும் விரலை ஓட்டாதீர்கள், அறுத்துவிடும். கைப்பிடிப் பக்கம் தொடங்கி நுனி வரை, ஓர் இடம் விடாமல் பிசிறு வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று அர்த்தம். பிறகு கத்தியைத் திருப்புங்கள். பலர் நிமிடக் கணக்கு பார்த்துத் திருப்புகிறார்கள். கடிகாரத்துக்குக் கத்தியைப் பற்றி என்ன தெரியும்?

வியாசர்பாடி: எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும்?

வீட்டுக் கத்திக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20. எலும்பு வெட்டுகிற கத்திக்கு 25. கோணமானி எதுவும் வேண்டாம். வாயிலிருந்து முதுகு வரை 4 சென்டிமீட்டர் அகலமுள்ள கத்தியென்றால், முதுகைக் கல்லிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூக்கினால் 15 டிகிரி, ஒன்றே கால், ஒன்றரைக்கு நடுவில் தூக்கினால் 20. சரியான எண்ணைவிட, ஆரம்பித்த கோணத்தைக் கடைசி வரை மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம். நுனியை நெருங்கும்போது வளைவு வருமில்லையா, அங்கே முழங்கையைக் கொஞ்சம் உயர்த்தினால்தான் அதே கோணம் நிற்கும்.

மண்ணடி, ஓட்டல் சமையற்கட்டு: கல்லில் கத்தியைத் தள்ளுவதா, இழுப்பதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது பாய், இரண்டுமே சரிதான், வேறு வேறு கட்டத்துக்கு. வாய் முன்னால் போகும்படி, கல்லிலிருந்து ஒரு மெல்லிய தோலைச் சீவி எடுப்பது போலத் தள்ளினால் பிசிறு சிறிதாக நிற்கும். முதுகு முன்னால் போக, வாய் பின்னால் இழுபட்டு வந்தால் பிசிறு நீளமாக, மெல்லிய தகடு போலத் தொங்கும். ஆரம்பத்தில் இரும்பைக் குறைக்க வேண்டும் என்பதுதான் வேலை. அப்போது முன்னும் பின்னும் எப்படி வேண்டுமானாலும் தேயுங்கள், நன்றாக அழுத்தித் தேயுங்கள், தப்பில்லை. இரண்டு பக்கமும் பிசிறு வந்த பிறகு கதை மாறுகிறது. இனி புதுப் பிசிறு உண்டாக்கக் கூடாது, இருப்பதைக் கழற்ற வேண்டும். அதனால் வாய் முன்னால் போகிற தள்ளல் மட்டும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, மாற்றி மாற்றி. ஒவ்வொரு சுற்றுக்கும் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசி நான்கைந்து தள்ளலில் கத்தியின் சொந்த எடை மட்டும் கல்லில் இருந்தால் போதும்.

நீங்கள் கேட்காத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நேற்றுத் தீட்டிய கத்தி காகிதத்தைப் பறக்கப் பறக்க அறுத்தது, இன்று வெங்காயத்தில் வழுக்குகிறது என்று பலர் எழுதியிருந்தார்கள். அது கத்தி மழுங்கியது அல்ல. முதல் நாள் அறுத்தது பிசிறு. கம்பி போல நிமிர்ந்து நின்ற பிசிறுக்கும் கூர் உண்டு, ஆனால் இரண்டு வெங்காயத்துக்குமேல் தாங்காமல் மடங்கிவிடும். நம் கடைகளில் விற்கும் விலை குறைந்த ஸ்டெயின்லெஸ் கத்திகளின் எஃகு மென்மையானது. அதில் பிசிறு உடைந்து விழாது, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று சாய்ந்து சாய்ந்து நம்மை ஏமாற்றும். அதற்கு ஒரு வழி: முதுகை வழக்கத்தைவிட ஒரு நூல் அதிகமாகத் தூக்கி, பக்கத்துக்கு இரண்டோ மூன்றோ மிக மெல்லிய தள்ளல். அப்புறம்தான் தோல்.

கொருக்குப்பேட்டை: இந்தத் தோலில் தீட்டுவதெல்லாம் சும்மா ஸ்டைல் இல்லையா? இரும்பைத் தோல் என்ன செய்துவிடும்?

கோபப்பட மாட்டேன், பாதி நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்து உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவன் 2004-ல் கத்தி விளிம்புகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். வெறும் தோலில் இழுத்ததால் பிசிறு பெரிதாகக் குறையவில்லை. குரோமியம் ஆக்சைடு என்ற பச்சை மெருகு மருந்து பூசிய தோலில் இழுத்தபோது குறைந்தது. ஆகவே தோல் வெறும் மெத்தை, வேலை செய்வது அதன் மேலிருக்கும் மருந்து. அந்தப் பச்சை மருந்தின் துகள் ஏறக்குறைய அரை மைக்ரான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் அப்பாவின் சலூனில் வாரில் மருந்து எதுவும் கிடையாது. சவரக்கத்தியின் விளிம்பு ஏற்கெனவே அவ்வளவு மெல்லியதாக இருந்ததால் வெறும் தோலே அதை நேராக்கிவிடும். உங்கள் வெங்காயக் கத்தியை அதோடு ஒப்பிட முடியாது.

அதே கொருக்குப்பேட்டை நண்பர், மறுபடியும்: சரி, அப்படியென்றால் எப்படிச் செய்வது என்று சொல்லுங்கள்.

பெரியமேட்டில் தோல் துண்டுகள் எடைக்குக் கிடைக்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனில், மெத்தென்று அமுங்காத துண்டாகப் பார்த்து எடுங்கள். சொரசொரப்பான உள்பக்கம் மேலே வரும்படி ஒரு நேரான பலகையில் ஒட்டுங்கள். பாலிஷ் பட்டறைக்காரர்கள் பயன்படுத்தும் பச்சைக் கட்டியை, பிள்ளைகள் கிரேயான் தேய்ப்பது போல மெல்லிசாகப் பூசுங்கள். அப்பிவிட வேண்டாம்.

கல்லில் கடைசியாகச் செய்ததற்கு நேர் எதிரான திசை இங்கே. முதுகு முன்னால், வாய் பின்னால். மாற்றிப் போனால் தோல் கிழியும். கல்லில் வைத்த அதே கோணம், அல்லது ஒரு மயிரிழை குறைவாக. பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து இழுப்பு. முடிவில் கத்தியை அப்படியே நிறுத்தி, நேராக மேலே எடுங்கள். திருப்பும்போது முதுகின் மேல் உருட்டித் திருப்புங்கள், வாயின் மேல் ஒருபோதும் கூடாது. ஐந்து வயதில் இதைத் தப்பாகச் செய்து அப்பாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். வாரில் அந்த வெட்டு கடைசி வரை இருந்தது.

ராயபுரம்: கல்லில் இருந்து எடுத்தபோது நன்றாக இருந்த கத்தி, தோலில் தீட்டியதும் மொன்னையாகிவிட்டது. ஏன்?

அழுத்தியிருப்பீர்கள். தோல் அமுங்கும் பொருள். அழுத்தினால் கத்திக்குக் கீழே பள்ளமாகி, வாயைத் தாண்டியதும் உப்பி எழும். அப்போது விளிம்பின் முனையை வளைத்துத் தேய்த்து உருண்டையாக்கிவிடும். இன்னொரு காரணம், இழுப்பு முடிகிற இடத்தில் மணிக்கட்டைச் சுழற்றித் தூக்குவது. வீடியோக்களில் அழகாகத்தான் இருக்கும். பதினான்கு இழுப்பில் கட்டியதை அந்த ஒரு சுழற்றல் கெடுத்துவிடும்.

காசிமேடு: அண்ணே, அம்மா மீன் வெட்டுகிறாங்க. கண்ணாடி மாதிரி பளபளப்பாகத் தீட்டிய கத்தி வஞ்சிரத்தின் தோலில் வழுக்குகிறது, பழைய கத்தியே தேவலை என்கிறாங்க.

அம்மா சொல்வதுதான் சரி தம்பி. இந்தப் பாடத்தை எனக்கும் ஒரு மீன்கார அம்மாதான் கற்றுக்கொடுத்தார். தொழிலுக்கு வந்த புதிதில், திறமையைக் காட்டுகிறேன் என்று 6000 நம்பர் கல் வரைக்கும் (நம்பர் கூடக் கூடக் கல் வழவழப்பு) போய், தோலிலும் தீட்டி, முகம் தெரிகிற மாதிரி ஒரு கத்தியைக் கொடுத்தேன். மறுநாள் காலையில் பட்டறை வாசலில் வந்து நின்று, அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

விஷயம் இதுதான். கல்லின் துகள் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பற்களை விட்டுச் செல்கிறது. சொரசொரப்பான கல் பெரிய பல், வழவழப்பான கல் சின்னப் பல். இழுத்து அறுக்கிற வேலைக்கு, அதாவது மீன் தோல், தக்காளி, கயிறு, இறைச்சி எல்லாவற்றுக்கும், பல் வேண்டும். முகம் மழிப்பதற்கும் தச்சர் உளிக்கும் பல் வேண்டாம். அம்மாவின் கத்தியை 400 அல்லது 600 நம்பர் கல்லோடு நிறுத்துங்கள். பிசிறை மட்டும் ஒழுங்காகக் கழற்றிவிட்டு, தோலில் பக்கத்துக்கு மூன்று நான்கு இழுப்பு. அதற்குமேல் போனால் பல் தேய்ந்துவிடும். உப்புத் தண்ணீர் படுகிற கத்தி, ராத்திரி துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள். இரும்புக் கத்தி என்றால் விளிம்பை வெட்டுக்கட்டையைவிட துரு சீக்கிரம் தின்னும்.

மூலக்கொத்தளம்: சைக்கிளில் வருகிறவர் மோட்டார் சாணையில் பிடித்துக் கொடுத்தார். விளிம்பு நீலமாகிவிட்டது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. எஃகு சூடேறும்போது முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, 300 டிகிரி செல்சியஸை ஒட்டி நீலம். நீலம் பட்ட இடத்தில் பதம் போய்விட்டது, எத்தனை முறை தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. நீலம் மறையும் வரை கல்லில் கையால் தேய்த்துக் குறைக்க வேண்டியதுதான். அடுத்த முறை, பக்கத்தில் ஒரு குவளை தண்ணீர் வைத்து நொடிக்கொரு முறை முக்கச் சொல்லுங்கள். விரலால் தொட முடியாத சூடு வந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

எண்ணூர், சலூன்: நாங்கள் இப்போது மாற்றுகிற பிளேடுதான் போடுகிறோம். முடி அவ்வளவு மென்மை, பிளேடு மட்டும் எப்படி இத்தனை சீக்கிரம் போகிறது?

இதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் பார்த்தார்கள். எஃகைவிட முடி ஐம்பது மடங்குக்கு மேல் மென்மையானது, அதுவே விளிம்பைச் சிதைக்கிறது. தேய்ந்து மழுங்குவதைவிட, விளிம்பு எஃகில் பலவீனமான இடங்களில் முடி சாய்வாக மோதும்போது சின்னச் சில்லுகள் தெறிப்பதைத்தான் அவர்கள் கண்டார்கள். பிளேடைத் தோலில் இழுத்துச் சேமிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒருவருக்கு ஒரு பிளேடு, வேலை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடுங்கள். ரத்தத்தோடு விளையாட்டு வேண்டாம்.

திருவொற்றியூர்: கல்லில் தேங்காய் எண்ணெய் விடலாமா?

வேண்டாம். நாளடைவில் கல்லின் கண்ணை அடைத்துவிடும். தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் போதும், அல்லது தையல் மிஷின் எண்ணெய். ஒருமுறை எண்ணெய் விட்ட கல்லில் மறுபடி தண்ணீர் எடுபடாது, அதனால் முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். கல்லுக்கு நீங்கள் ரொம்ப தூரம் போக வேண்டாம் என்பதும் ஒரு வேடிக்கை. 1954-ல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியின் ஆலை உங்கள் ஊரில்தான் இருக்கிறது.

பழைய வண்ணாரப்பேட்டை: அரிவாள்மனையை எப்படித் தீட்டுவது? கல்லில் வைக்கவே முடியவில்லை.

கத்தியைக் கல்லுக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் கல்லைக் கத்திக்குக் கொண்டு வாருங்கள். மனையைக் காலால் அழுத்திக்கொண்டு, விரல்கள் விளிம்புக்கு மேலே வராதபடி சின்னக் கல்லைப் பிடித்து, வளைவின் போக்கிலேயே மேலிருந்து கீழாகச் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். பிசிறு கணக்கு இங்கேயும் அதேதான். தோலுக்குப் பதில் பழைய பெல்ட்டை ஒரு கட்டையில் சுற்றிக்கொண்டு, அலகின் முதுகிலிருந்து விளிம்பை நோக்கி இழுத்து விடுங்கள்.

தண்டையார்பேட்டை, என் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர்: கல்லும் இல்லை, தோலும் இல்லை, உங்கள் கடைக்கு வரவும் நேரமில்லை. அவசரத்துக்கு என்ன செய்வது?

வீட்டில் ஊறுகாய்ப் பரணி இருக்கிறதா? அதன் அடியில் மெருகு படாத வெள்ளை வளையம் ஒன்று இருக்கும். அது எஃகைவிடக் கடினம். கத்தியை அதே கோணத்தில் வைத்து, வாய் முன்னால் போக, அழுத்தாமல் மாற்றி மாற்றிப் பக்கத்துக்கு ஏழெட்டு முறை. பிறகு நாலாக மடித்த செய்தித்தாளில் முதுகு முன்னால் போக இழுத்து விடுங்கள். ரொம்ப மழுங்கிய கத்தியை இது காப்பாற்றாது, ஒரு வாரம் தள்ளும். ஊறுகாய் தீர்ந்த பிறகு பரணியைக் கவிழ்த்தால் நல்லது.