குப்பை, குழாய், மரியாதை: தொடக்கப்பள்ளிக் கேள்வி-பதில்

கே: மகன் யாரையும் மதிப்பதில்லை. என்ன செய்யலாம்?

வயது என்ன, எந்த வகுப்பு, யாரிடம் என்ன சொன்னான், ஒன்றுமே எழுதவில்லையே. ஐந்து வயதுக்காரன் அசதியில் பாட்டியை "போ" என்பது வேறு. பத்து வயதுக்காரன் நாலு பேர் முன்னால் சொல்வது வேறு. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கே: இரண்டாம் வகுப்பு மகள் பள்ளி ஆயாவை "நீ, வா, போ" என்கிறாள்.

வீட்டு வாசலுக்கு வரும் குப்பை வண்டிக்காரரிடம் நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள்? அங்கே "வாங்க" வந்தால் சில வாரங்களில் அவள் வாயிலும் வரும். அதட்டாதீர்கள். அவள் சொன்னதையே "வாங்க" போட்டு ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள், போதும்.

கே: உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று 20 கன்றுகள் நட்டோம். மூன்றுதான் மிச்சம்.

நாள் தப்பு. நம் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். ஜூனில் உறுதிமொழியோடு நிறுத்துங்கள். கன்றை அக்டோபரில் நடுங்கள். இரண்டடி ஆழக் குழி, மட்கிய எரு ஒரு கூடை, ஆடு எட்டாத வேலி. வேம்பு, புங்கன் போதும். இருபதும் வேண்டாம், வகுப்புக்கு ஒன்று. கோடையில் வாரம் இரண்டு குடம் ஊற்ற வேண்டும். மே விடுமுறையில் அதை யார் ஊற்றுவது என்று முடிவாகாமல் நடவே நடாதீர்கள்.

கே: மட்குத் தொட்டி நாறுகிறது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள்.

ஈரம் அதிகம், காற்று இல்லை. சாம்பார்ச் சோற்றை அப்படியே கொட்டுகிறீர்கள் போலிருக்கிறது. ஒரு பங்கு காய்த்தோலுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு, அடியிலும் பக்கத்திலும் துளை, வாரம் ஒரு கிளறல். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுங்கள். மூன்று மாதம் பொறுங்கள். சோறு மிஞ்சாமலிருக்க முதலில் பாதிதான் பரிமாற வேண்டும், கேட்டால் மறுசோறு.

கே: தாமதமாக வருபவர்களைக் குப்பை பொறுக்க வைக்கிறோம். வளாகமும் சுத்தம், ஒழுங்கும் வருகிறது. சரிதானே?

சரியில்லை. இதை எத்தனை முறை எழுதுவது! குப்பை எடுப்பதைத் தண்டனை ஆக்கினால், அது தப்பு செய்தவனுக்கான வேலை என்று பிள்ளை புரிந்துகொள்கிறது. தினமும் அந்த வேலையைச் செய்பவர் மட்டமானவர் என்பதும் சேர்ந்தே மனதில் ஏறிவிடும். அப்புறம் காலை வழிபாட்டில் "தூய்மைப் பணியாளரை மதிப்போம்" என்று பேசி என்ன பயன்? கழிப்பறை கழுவ அனுப்புவது இன்னும் மோசம். அங்கே யாரை அனுப்புகிறோம் என்பதில் சாதியும் நுழைந்துவிடுகிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடியை மட்டும் தடுக்கவில்லை, மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது.

சுத்தம் வேண்டுமென்றால் முறை வையுங்கள். கடைசி மணிக்கு முன் ஐந்து நிமிடம், நாளுக்கு ஐந்து பேர், வருகைப்பதிவேட்டு வரிசைப்படி. முதல் நாள் துடைப்பம் ஆசிரியர் கையில். பெண் பிள்ளைக்குத் துடைப்பம், ஆண் பிள்ளைக்கு மேசை தூக்கல் என்று பிரிக்காதீர்கள். உடைந்த கண்ணாடியும் கழிப்பறையும் பெரியவர்கள் வேலை. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவல். நட்சத்திர ஸ்டிக்கர் வேண்டாம். ஸ்டிக்கர் தீர்ந்த மறுநாள் பழக்கமும் தீர்ந்துவிடும். தாமதத்துக்குக் காரணத்தை வீட்டில் விசாரியுங்கள். ஏழு வயதுப் பிள்ளை தானாகவா தாமதமாகிறது?

கே: சண்டை போட்டவனை "சாரி" சொல்ல வைத்தால் போதுமா?

போதாது. அழுகை அடங்கட்டும். பிறகு உடைத்த பென்சிலுக்குப் பதில் பென்சில், கொட்டிய தண்ணீருக்குத் துணி. சாரி அதற்குப் பின்னால் தானே வரும்.

கே: பிறந்தநாள் சாக்லேட் உறைகள்?

எவர்சில்வர் டப்பாவில் உறையில்லாத கடலை மிட்டாய். கடலை ஒவ்வாத பிள்ளை இருந்தால் வாழைப்பழம்.

கே: குழாயை மூடுவதே இல்லை. சுவரில் பத்து வாசகம் எழுதிவிட்டோம்.

வாசகம் இருக்கட்டும், வாஷரைப் பாருங்கள். திருகு இறுகிக் கிடந்தால் முதல் வகுப்புப் பிள்ளையால் மூட முடியாது. கை எட்டுகிறதா என்றும் பாருங்கள். பிறகு ஒரு வாளியைக் குழாயடியில் வைத்து, எத்தனை எண்ணுவதற்குள் நிரம்புகிறது என்று பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள். முழுதாகத் திறந்த குழாயில் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் போகும். குழாய் சரியாகும் வரை மட்குத் தொட்டி, கன்று என்று வேறெதையும் தொடங்காதீர்கள். ஒரு பருவத்துக்கு ஒரு பழக்கம்.